தொலைநிலைப் பட்டம்: வேலைக்குப் போகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

நேரம் ஒதுக்கிப் படியுங்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தொலைநிலையில் முதுகலை முடித்து, புதியவர்களுக்கு வழிகாட்டிவரும் எனக்கு, எங்கள் காலத்துத் தவறுகளே அச்சுப்பிசகாமல் திரும்ப வருவதைப் பார்த்து எழுதத் தோன்றியது.

அசைன்மென்ட்டைச் சில்லறை வேலையாக நினைப்பது

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான பட்டப்படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் விட்டதை மற்றொன்றில் பிடிக்க முடியாது.

பல்லடத்திலிருந்து வந்த ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர், ஜெராக்ஸ் கடையில் விடைத் தொகுப்பை வாங்கி, இரவெல்லாம் கண்விழித்து, முத்து முத்தான கையெழுத்தில் பார்த்தெழுதிக் கொடுத்தார். அத்தனையும் போன ஆண்டு வினாக்களுக்கான விடைகள். எந்தச் சேர்க்கைக்கு உரியது என்பது வினாத்தாளின் முகப்பிலேயே இருக்கும். கடைக்காரரும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் அந்தப் பாடங்கள் நிறைவுறாமல் நின்றன. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. பார்த்தெழுதச் செலவான நேரத்தில் பாடநூலைப் படித்துத் தாமே எழுதியிருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

டிசம்பர் தேர்வுக்கான அசைன்மென்ட்டுகளைக் கொடுக்கும் காலமும் தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடியும் ஒன்றாக வருவது நம் பகுதிக்காரர்களுக்குக் கூடுதல் தொல்லை. ஆகவே ஆடியிலேயே தொடங்குங்கள். கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் ஏறாமல் விடுபட்டால் அந்தச் சீட்டுதான் பேசும்.

அடுத்த ஆண்டுக்கான மறுபதிவுக்குத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். முதலாண்டில் தேறாவிட்டாலும் அடுத்த ஆண்டுக்குப் பதியலாம்.

தேர்வுக் கட்டணம்

சேர்க்கைக் கட்டணத்தில் அடங்காது. படிவமும் தனி, பணமும் பாடவாரியாகத் தனி.

பெயர்ப்பலகையை நம்புவது

பல்கலைக்கழகம் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் கல்வியாண்டும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்க வேண்டும். வேறொரு மாநிலத்தின் பல்கலைக்கழகம் ஈரோட்டிலோ கோவையிலோ தொலைநிலைப் படிப்பு மையம் நடத்த விதிகளில் இடமில்லை. அப்படி ஒரு மையத்தில் ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்றால், பணத்தை எடுக்காமல் எழுந்து வாருங்கள்.