கேனோவில் ஃப்ளை ஃபிஷிங் கூட்டிப்போவது எப்படி

ஃப்ளை ஃபிஷிங்குக்கு (பூச்சியோ சின்ன மீனோ போலக் கட்டிய 'ஃப்ளை' என்ற முள்ளை, கனமான லைனால் வீசி மீன் பிடிப்பது) ஆட்களைக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால், "நீங்க எவ்வளவு தூரம் வீசுவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் எவ்வளவு தூரம் வீசினால் என்ன? கேனோ என்பது இரு முனையும் கூரான சின்னத் துடுப்புப் படகு. அதில் நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன், என் கையில் துடுப்புதான் இருக்கும். வீசுபவர் முன்னால் இருப்பவர். அவருக்கு 30 அடி வீச வந்தால் போதும். அந்த 30 அடிக்குள் மீன் இருக்கும்படி படகைக் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் வீச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைத் துடுப்புக்குக் கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

நான் சொல்வது டிரவுட் வாழும் குளிர்ந்த மலை ஓடைகளைப் பற்றி அல்ல. கோடையில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும் அகலமான ஆறுகளைப் பற்றி. இங்கே முக்கியமான மீன் ஸ்மால்மவுத் பாஸ். கூடவே சன்ஃபிஷ், கெண்டை, சில இடங்களில் பைக் என்ற மீன். இந்த ஆறுகள் முழங்கால் ஆழத்தில் கல்லின் மேல் சலசலத்து ஓடும், அப்புறம் திடீரென்று ஆழமாகிவிடும். மோட்டார் படகு கல்லில் தட்டும். பெரிய படகை இறக்கச் சரிவுப் பாதை வேண்டும். கேனோவுக்கு நாலைந்து அங்குலம் தண்ணீரும் இரண்டு பேர் தூக்கி இறக்க ஒரு கரையும் இருந்தால் சரி. சத்தமும் வராது.

படகும் பாரமும்

16 அடி நீளம், 36 அங்குல அகலம், அடிப்பாகம் ஓரளவு தட்டை. இதற்குமேல் யோசிக்க வேண்டாம். பிளாஸ்டிக் உடல் கல்லில் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் ஒட்டிக்கொண்டு நிற்கும், டம்ளர் விழுந்தால்கூட ஆற்றுக்கே கேட்கும். ஒரு படகில் ஒரே ஒரு விருந்தினர். இரண்டு பேரை ஏற்றி நான் நடுவில் உட்காரலாம்தான், ஆனால் ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் முள்ளைச் சுழற்றுவதை நான் விரும்புவதில்லை.

பாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாதாரணமாகத் துடுப்பு போடும்போது பின்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் படகு நேராகப் போகும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது சரிதான். ஆனால் நாம் ஆற்றைவிட மெதுவாக இறங்கப் போகிறோம். அப்படி இறங்கும்போது தண்ணீர் பின்னாலிருந்து வந்து மோதும். பின்முனை ஆழமாக அமிழ்ந்திருந்தால் ஓட்டம் அதைப் பிடித்துச் சுழற்றிவிடும். அதனால் ஐஸ் பெட்டியையும் மூட்டைகளையும் நடுவுக்குச் சற்று முன்னால் தள்ளி வையுங்கள். படகு சமமாகவோ, முன்முனை ஒரு விரல் தாழ்ந்தோ இருக்கட்டும். ஒல்லியான விருந்தினர் வந்தால் ஒரு பெரிய தண்ணீர்க் கேனை அவர் இருக்கைக்குப் பின்னால் கட்டி வைப்பேன்.

முன்னால் இருப்பவரின் காலடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. பை, செருப்பு, பாட்டில், கொக்கி, கயிற்று நுனி எதுவுமே. ஃப்ளை லைன் தரையில் சுருண்டு கிடக்கும். மாட்டிக்கொள்ள ஒரே ஒரு பொருள் இருந்தாலும், பெரிய மீன் கடித்த அந்த நொடியில் லைன் அதைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளும்.

பின்னோக்கிப் போடும் துடுப்பு

இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால்கூடப் போதும் என்பேன். படகின் முன்முனை ஆறு இறங்கும் திசையைப் பார்க்கட்டும். இடது கரைப்பக்கம் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்முனையை இடது கரை நோக்கி 20, 30 டிகிரி திருப்பி, பின்னோக்கித் துடுப்பு போடுங்கள். படகு ஆற்றோடு போகாமல் பக்கவாட்டில் நழுவி இடது பக்கம் போகும். வலது பக்கம் போக, பின்முனையை வலது பக்கம் திருப்புங்கள். கோணம் கூடினால் ஓட்டம் படகைக் குறுக்கே பிடித்துத் தள்ளும், குறைந்தால் நகராது. நடுவில் இருக்கும் அந்தக் கோணம் கைக்குப் பிடிபட ஒரு பருவம் ஆகும். விருந்தினர் இல்லாத நாளில், ஆற்றில் ஒரு பாறையைக் குறிவைத்து, அதற்கு 30 அடி பக்கத்தில் 10 நிமிடம் நின்று காட்டுங்கள். தோள் வலிக்கும். அந்த வலிக்குத்தான் நமக்குக் கூலி.

கரையோரமாக இறங்கும்போது கரைக்கும் படகுக்கும் இடையே 30, 35 அடி இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் மீன் நம்மைப் பார்த்துவிடும். தள்ளிப் போனால் புதியவரின் வீச்சு எட்டாது. துடுப்பைப் படகின் விளிம்பில் தட்டாதீர்கள். அந்தத் தட்டல் தண்ணீருக்குள் நமக்குக் கேட்பதைவிட நன்றாகக் கேட்கும்.

எந்தக் கரை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. விருந்தினர் வலக்கையால் வீசுபவர் என்றால் இடது கரைதான் வசதி. முன்னால் உட்கார்ந்து இடது கரையைப் பார்த்துத் திரும்பினால் அவர் வலது கை படகின் முன்முனைப் பக்கம் போய்விடும். கோலும் லைனும் முள்ளும் என்னைவிட்டு விலகியே சுற்றும். அவரே வலது கரைக்குத் திரும்பினால் வலது கை என் பக்கம் வரும், முள் என் காதை உரசிக்கொண்டு போகும். இடக்கைக்காரருக்கு அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு இறங்கும் திசையில் நேராக வீச விடவே கூடாது. அப்படி வீசினால் பின்வீச்சு நேராக என் தலைக்கு மேல்தான் வரும். படகைக் கொஞ்சம் கோணமாகத் திருப்பிப் பிடித்தால் அவருக்குச் சொல்லாமலேயே அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நங்கூரம் எனக்குப் பிடிக்காத சாமான். ஓட்டத்தில் படகின் நடுப்பக்கத்திலிருந்து நங்கூரம் போட்டால் தண்ணீர் படகைக் குறுக்கே இழுத்துக் கவிழ்த்துவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் முனையிலிருந்து மட்டும் போடுங்கள், ஒரு இழுப்பில் விடும் பிடியில் மாட்டுங்கள், முடிச்சு போடாதீர்கள். நான் வைத்திருப்பது ஒரு துண்டு கனமான இரும்புச் சங்கிலி. சத்தம் வராமல் சைக்கிள் ட்யூபுக்குள் நுழைத்து, பின்முனையிலிருந்து இழுபட விடுவேன். மெதுவான, சரளைக்கல் தரையில் படகின் வேகம் பாதியாகும், எனக்கும் கை ஓய்வு. பெரிய பாறை இடுக்குகளிலும், மீன் முட்டையிடும் இடங்களிலும் மேலே தூக்கிவிட வேண்டும்.

கோலும் முள்ளும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9 அடி, 7 வெயிட் (கோல் தாங்கும் லைனின் எடை எண்) கோல் இரண்டு. ஒன்றில் பாப்பர் (மேலே மிதந்து சத்தம் எழுப்பும் ஃப்ளை), இன்னொன்றில் மூழ்கும் ஃப்ளை. முன்பாகம் கனமான மிதக்கும் லைன். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் லீடர் என்ற நரம்பு ஏழரை அடி போதும், நுனியில் 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு. நீளமான மெல்லிய லீடர் பெரிய பாப்பரைத் தூக்கிக்கொண்டு போகாது, பாதி வழியில் குவியலாக விழும்.

ஃப்ளை பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பாப்பர், கருப்பிலோ ஆலிவ் பச்சையிலோ வூலி பக்கர் என்ற மூழ்கும் ஃப்ளை, நன்னீர் நண்டு போலக் கட்டிய ஒன்று, அப்புறம் க்ளவுசர் மின்னோ. பாப் க்ளவுசர் என்பவர் 1980களில் அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்றில் இதே ஸ்மால்மவுத்துக்காக உருவாக்கியது அது. முள்ளின் மேல்பக்கத்தில் கனமான கண்களைக் கட்டியதால் தண்ணீரில் தலைகீழாகத் திரும்பி, முள் மேலே பார்த்தபடி நீந்தும். அதனால் கல்லில் அதிகம் மாட்டாது. கடும் வெயில் நேரத்தில் எனக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

எல்லா முள்ளிலும் உள்பக்கம் இருக்கும் பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடி போடாதவர் என் படகில் ஏற முடியாது, பவர் கண்ணாடியாவது வேண்டும்.

பேசிப் பேசி மீன் பிடிக்க வைப்பது

பாப்பர் தண்ணீரில் விழுந்ததும் வளையம் வளையமாக விரியும். அந்த வளையங்கள் அடங்கும்வரை ஒன்றும் செய்யக் கூடாது. மீன் அதற்குள் வந்து கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். புதியவரால் பொறுக்க முடியாது, உடனே இழுப்பார். "பொறுங்க, பொறுங்க" என்று சொன்னால் பதற்றம்தான் கூடும். அதனால் நான் கேள்வி கேட்பேன். "காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" அவர் யோசித்துப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வளையங்கள் அடங்கியிருக்கும். "சரி, இப்ப ஒரு சின்ன இழுப்பு." ப்ளக் என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு கேள்வி. பல நாள் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பே மீன் கடித்துவிடும்.

எல்லாக் கடியும் தண்ணீர் சிதறும் கடியாக இருக்காது. சில பெரிய மீன்கள் மேலே ஒரு சின்னச் சுழிப்பு மட்டும் காட்டி பாப்பரை உள்ளே உறிஞ்சிவிடும். பாப்பர் காணாமல் போனால் மீன் எடுத்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்போது கோலைத் தூக்கக் கூடாது. தூக்கினால் பாப்பர் வாயிலிருந்து பறந்து நம் முகத்துக்கு வரும். கோல் நுனி தண்ணீரைப் பார்த்தபடியே இருக்க, இடது கையால் லைனை நீளமாக ஒரு இழு. கனம் தெரிந்த பிறகு கோல் மேலே வரட்டும்.

மாட்டியதும் விருந்தினர் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் ஆற்றைப் பாருங்கள். மீன் விழுந்த மரத்தை நோக்கித்தான் ஓடும். படகை நடு ஆற்றுப்பக்கம் இழுத்தால் மீனும் கூடவே வந்துவிடும். படகுக்கு அடியில் புகுந்தால் கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு முன்முனையைச் சுற்றி எடுக்கச் சொல்லுங்கள். உற்சாகத்தில் எழுந்து நிற்பவர்கள் உண்டு. "உட்காருங்க" என்று அப்போது மட்டும் குரலை உயர்த்தலாம், தப்பில்லை.

வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டும்போது ஆண் பாஸ் சரளையில் கூடு தோண்டி முட்டைகளைக் காவல் காக்கும். வட்டமாக, வெளிறிய தட்டு போல மேலிருந்தே தெரியும். எதைப் போட்டாலும் அது கடிக்கும், அதனால்தான் நான் அங்கே நிறுத்துவதில்லை. அதைத் தூக்கிய சில நிமிடங்களில் சன்ஃபிஷ் கூட்டம் முட்டைகளைத் தின்ன ஆரம்பித்துவிடும். கோடை உச்சியில் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டினால் விடியலில் இறங்கி மதியத்துக்குள் முடிப்பது நல்லது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, நீண்ட நேரம் போராடிய மீன் தேறுவது கஷ்டம்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்

பாதுகாப்புப் பேச்சைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, கொக்கி மாட்டி, நீங்களே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கவிழ்ந்தால் கோலை விட்டுவிட வேண்டும். தண்ணீர் நிறைந்த படகுக்கு முன்னால், ஓட்டம் போகும் பக்கம் இருக்கவே கூடாது, பாறைக்கும் படகுக்கும் நடுவே சிக்கினால் எழ முடியாது. மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல்லிடுக்கில் மாட்டும். படகு பாறையில் பக்கவாட்டில் மோதினால் பாறையின் பக்கம் சாய வேண்டும். மனசு எதிர்ப்பக்கம்தான் சாயச் சொல்லும், அப்படிச் சாய்ந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

ஆற்றில் நான் உண்மையாகப் பயப்படுவது இரண்டுக்குத்தான். ஒன்று, வளைவில் விழுந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், ஆள் போக முடியாது. இரண்டாவது, குட்டையான தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் ஆறு ஒரு நேர்கோட்டில் முடிவது போல மட்டும் தெரியும். அதன் அடியில் சுழலும் தண்ணீர் விழுந்தவரை வெளியே விடாது. உங்கள் பாதையில் இருக்கும் ஒவ்வொரு தடுப்பணைக்கும் எங்கே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்பதை முன்கூட்டியே நடந்து பார்த்து வையுங்கள்.

இடி கேட்டால் கோலை இறக்கிவிட்டுக் கரைக்குப் போங்கள், கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

நாளைத் திட்டமிடும்போது தூரத்தைக் குறையுங்கள். மீன் பிடித்துக்கொண்டே இறங்க ஒரு நாளுக்கு 8 முதல் 12 கிலோமீட்டர் தாராளம். அதற்கு மேல் போட்டால் சாயங்காலம் எதிர்க்காற்றில், மீன் கடிக்கும் நல்ல நேரத்தில், இருவரும் துடுப்பு போட்டுக்கொண்டிருப்பீர்கள். உரிமம், காப்பீடு, முதலுதவிச் சான்றிதழ் பற்றி உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 1897லேயே வழிகாட்டிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. முதல் பதிவு கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்ணுக்கு. ஊரே அவரை 'ஃப்ளை ராட்' என்றுதான் கூப்பிட்டது.

கரையேறியதும் முதல் வேலை கோல்களைக் கழற்றி உறையில் போடுவது. என் கோல்களில் மீன் உடைத்ததைவிட வண்டிக் கதவு உடைத்தது அதிகம். கரையேறும் இடத்தில் நிறுத்திய வண்டியின் சாவி உங்களிடம்தான் இருக்கிறதா என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், மேலே படகை இறக்கிய இடத்தில் விட்டுவந்த வண்டியில் அது இருந்து பயனில்லை. மறுநாள் வேறு ஆறு என்றால் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை முழுக்க வடித்து, ஒட்டியிருக்கும் பாசியை எடுத்து, உள்ளும் வெளியும் காயவிடுங்கள். ஸீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு கோப்பைத் தண்ணீரிலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். சங்கிலி மேல் மாட்டிய ட்யூபுக்குள்ளும் தண்ணீர் தங்கும், அதையும் உருவிக் காயப்போடுங்கள்.