டார்க்கை மட்டும் பார்த்து மாடல் ஜெட்டுக்கு சர்வோ வாங்காதீர்கள்

ரேடியோவில் ஓட்டும் மாடல் ஜெட்டின் இறக்கை, வால் பரப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்தான் சர்வோ. அதன் பெட்டியில் டார்க், அதாவது திருப்பும் பலம் என்று பெரிதாகப் போட்டிருக்கும் '30 கிலோ', '35 கிலோ'வைப் பார்த்ததும் கை தானாகப் போய்விடும். நானும் அப்படித்தான் எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) 30 கிலோ சர்வோ வாங்கிப் போட்டேன். ஒரு நாள் முழு வேகத்தில் தாழப் பறந்து வந்த ஜெட்டிலிருந்து 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். த்ராட்டிலை இறக்கிவிட்டதால் முழுசாகத் தரைக்கு வந்தது. பார்த்தால் எலிவேட்டரில் ஒரு கீல் பிய்ந்து தொங்குகிறது. சர்வோவுக்கு பலம் குறைவில்லை. அதன் கியர் பற்கள் இறுக்கமாகப் பொருந்தாமல் ஆட்டம் இருந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் ஃப்ளட்டர். பரப்பில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் வேகக் காற்று அதைப் பிடித்துக்கொண்டு படபடவென்று அடிக்க வைக்கும். சில நேரம் ஒரு வினாடிகூட ஆகாது, வால் போய்விடும். அதனால் சர்வோ எவ்வளவு இழுக்கும் என்பதைவிட, நடுவில் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிற்கிறது என்பதே ஜெட்டுக்கு முக்கியம். ரேடியோவை ஆன் செய்து, எலிவேட்டரின் பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். உடனே சர்வோ உறுமி எதிர்த்தால் நல்லது. உறுமலுக்கு முன்பே ஓரம் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் நான் பறக்கவிட மாட்டேன். மெட்டல் கியர்தானே என்று நம்பியும் இருக்க முடியாது. உலோகப் பல்லும் தேயும். புதிதில் இறுக்கமாக இருந்தது, நாள்பட ஆடத் தொடங்கும்.

ஆட்டம் கியரில் மட்டும் வருவதில்லை. சர்வோவின் 24 பல் ஷாஃப்ட்டில் 25 பல் ஆர்மை (ஷாஃப்ட்டில் மாட்டும் கை) அழுத்திப் போட்டுவிட்டு, ஏறிவிட்டது என்று திருப்திப்படுபவர்கள் உண்டு. வளையும் பிளாஸ்டிக் ஆர்ம், சர்வோவைத் தாங்கும் இடத்தில் தொய்ந்த ரப்பர் கிரம்மெட், பரப்பின் பக்கம் ஓட்டை பெரிதான ஹார்ன் (கம்பியை மாட்டும் கொம்பு), எல்லா ஆட்டமும் ஒன்றாகக் கூடித்தான் ஓரத்தில் தெரியும்.

நீளமான ஆர்ம் போட்டு, அசைவு அதிகமானதும் டிரான்ஸ்மிட்டரில் சர்வோவின் அசைவை 40 சதவீதத்துக்குக் குறைப்பது இன்னொரு தவறு. 24 கிலோ சர்வோ என்றால் 1 செ.மீ. ஆர்மின் நுனியில் 24 கிலோ, 2 செ.மீ. ஆர்மில் 12 கிலோதான். காசு கொடுத்து வாங்கிய பலத்தில் பாதியை நாமே தூக்கிப்போடுகிறோம், கூடவே ஆட்டமும் பெரிதாகிறது. ஆர்மைக் குட்டையாக்குங்கள், டிரான்ஸ்மிட்டரில் 100 சதவீதம் வையுங்கள்.

டார்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றின் சுமை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: மணிக்கு 150 கி.மீ.யில் இருந்ததைவிட 300 கி.மீ.யில் அதே அசைவுக்கு நான்கு மடங்கு. ஆனால் பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் சர்வோ திணறி நின்றுபோகும் கட்டத்தில், அதன் உச்ச வோல்டேஜில் அளந்தது. 8.4 வோல்ட்டுக்கான எண்ணை நம்பி 6 வோல்ட்டில் ஓட்டினால் அந்த பலம் வராது. தலைகீழாகவும் நடக்கும்: 6 வோல்ட் சர்வோவை முழுசாக சார்ஜ் ஆன இரண்டு செல் லிப்போ பேட்டரியில் நேரடியாக மாட்டினால் 8.4 வோல்ட் ஏறி, உள்ளே கருகிவிடும்.

மின்சாரத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பெரிய டிஜிட்டல் சர்வோ திணறும்போது ஒன்றே சில ஆம்பியர் இழுக்கும். எட்டு சர்வோவும் ஒரே நேரத்தில் வேலை செய்தால், ஒல்லி வயரிலும் சின்ன ஸ்விட்ச்சிலும் வோல்டேஜ் சரிந்து, ஜெட்டுக்குள் ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவரே ஒரு நொடி செத்துப் பிழைக்கும். தரையில் எல்லா ஸ்டிக்கையும் வேகமாக ஆட்டிக்கொண்டே ரிசீவரில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

சிக்கனம் பிடிப்பதானால் லேண்டிங் கியர் கதவில் பிடியுங்கள். எலிவேட்டரின் இரு பாதிக்கும் தனித்தனி சர்வோ, இரண்டும் ஒரே மாடல்; இதில் பேரம் கிடையாது. விழுந்த மாடலிலிருந்து கழற்றிய சர்வோ வெளியே பளபளவென்றுதான் இருக்கும். சர்வோ டெஸ்டரில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் ஓரிடத்தில் லேசாகச் சிக்கும். கியர் செட்டை மாற்றாமல் அதை ஜெட்டில் ஏற்ற வேண்டாம்.