அப்பாவுக்குத் திடீர் மறதியா? ஸ்கேனுக்கு முன் இதைச் சொல்லுங்கள்

நரம்பியல் அறுவை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ‘அப்பாவுக்கு மறதி, வயசாச்சு இல்லையா’ என்று அழைத்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: சமீபத்தில் தலையை எங்கேயாவது இடித்துக்கொண்டாரா? இல்லை என்பார் மகன். அப்புறம் மருமகள் மெதுவாகச் சொல்வார்: “போன மாசம் பாத்ரூம் நிலையில லேசா இடிச்சிக்கிட்டாரு.”

மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ரத்தம் கசிய அந்த லேசான இடியே போதும். இதை ‘சப்டியூரல் ரத்தக்கட்டு’ என்பார்கள். வயதானால் மூளை சற்றுச் சுருங்கும், அதன் மேலுறையை ஒட்டிய சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். கசிந்த ரத்தம் வாரக்கணக்கில் தேங்கி மூளையை அழுத்தும். தடுமாறும் நடை, பகலெல்லாம் தூக்கம், ஒரு காலில் மட்டும் செருப்பு கழல்வது. பக்கவாதம் போலவும் தெரியும், மறதி நோய் போலவும் தெரியும்.

சி.டி. ஸ்கேனும் சில நேரம் ஏமாற்றும். ரெண்டு மூன்று வாரத்தில் தேங்கிய ரத்தம் மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். இரு பக்கமும் சமமாகத் தேங்கினால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். அதனால் இடித்த விஷயத்தையும், மாற்றம் தொடங்கிய நாளையும் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு வாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இருந்தால் அறுவைத் திட்டமே மாறும். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் அது வேறு ஆபத்து.

பெரும்பாலும் மண்டையில் சின்னத் துளையிட்டு ரத்தத்தை வடிப்பார்கள். மிச்ச ரத்தம் வடிய ஒரு குழாயும் வைப்பார்கள், பயப்படாதீர்கள். 2009-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைத்தவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கே மறு அறுவை தேவைப்பட்டது, வைக்காதவர்களில் 24. வீட்டுக்குப் போனபின் மறுபடி தூக்கமோ தலைவலியோ கூடினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.