விசுவாசம், காதல், மர்மம்: நெல்லையிலிருந்து நாவல் எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய கிறிஸ்தவக் கோயில் 1785இல் எழும்பியது. அதற்கு முன்னும் பின்னும் இந்தச் சீமையில் பக்தி எழுத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. கீர்த்தனை, பிரசங்கம், சாட்சி என்று எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். இப்போது நர்சுகளும் டீச்சர்களும் வங்கியில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் நாவல் எழுத வருகிறார்கள். ஒரு காதல், ஒரு குற்றம், இரண்டுக்கும் அடியில் கடவுள்மேல் வைத்த நம்பிக்கை. அமெரிக்காவில் இந்த வகை பெரிய சந்தை. ஹார்லக்வின் நிறுவனத்தின் 'லவ் இன்ஸ்பயர்டு சஸ்பென்ஸ்' வரிசை 2005 முதல் வந்துகொண்டிருக்கிறது. தமிழிலும் இதற்கு வாசகர்கள் உண்டு, முக்கியமாகப் பெண்கள்.

இப்படிப்பட்ட கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. நல்ல கதைகள் சில தவறுகளால் வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விசுவாசத்தைக் கடைசியில் சேர்ப்பது. காதல் தன் பாட்டுக்குப் போகிறது, கொலையோ மோசடியோ தன் பாட்டுக்குப் போகிறது, கதை முடிகிற நேரத்தில் குழம்பை இறக்கிவைத்துக் கொத்தமல்லி தூவுகிற மாதிரி ஒரு ஜெபம் வருகிறது. கதாநாயகியைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அவள் கண்ணை மூடி ஜெபிக்கிறாள். கண்ணைத் திறந்தால் வாசலில் இன்ஸ்பெக்டர் நிற்கிறார். எழுதியவருக்கு இது தேவனின் செயல். படிக்கிறவருக்கோ ஏமாற்றம், ஏனென்றால் அவர் முந்நூறு பக்கம் எதிர்பார்த்து வந்தது அந்தப் பெண் என்ன செய்யப்போகிறாள் என்பதைத்தான்.

ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். திசையன்விளைப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம். எஸ்தர் அங்கே காசாளர். நகைக்கடன் பொட்டலங்களைச் சரிபார்க்கும்போது சிலவற்றில் இருப்பது கவரிங் என்று அவளுக்குத் தெரியவருகிறது. தணிக்கைக்கு வந்திருக்கிற சாமுவேலுக்கும் சந்தேகம் இருக்கிறது. இருவருக்கும் மெல்லப் பிடித்துப்போகிறது. ஆனால் போலிக் கடன் ஒன்று எஸ்தரின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற உபதேசியார், அதாவது சபை ஊழியர், ஊரே மதிக்கிற மனுஷன். அவர் கையெழுத்தை யாரோ ஏமாற்றி வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது எஸ்தர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று. உண்மையைச் சொல்லிப் பதிவேட்டின் நகலைச் சாமுவேலிடம் கொடுப்பதா, மறைப்பதா? கொடுத்தால் அப்பாவின் பெயர் நாறும், மோசடிக்காரர்களின் கண் அவள்மேல் விழும். மறைத்தால் சாமுவேலின் நம்பிக்கை போய்விடும், "உண்மையே பேசு" என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்ததெல்லாம் வெறும் பேச்சாகிவிடும். அவள் விசுவாசத்துக்கும் காதலுக்கும் உயிருக்கும் அந்த ஒரே முடிவில்தான் சோதனை. அப்படி ஒரு முடிவு உங்கள் கதையில் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மொழியைத் திருத்தி என்ன பயன்? அந்த முடிவைக் கண்டுபிடித்த பிறகு எழுத உட்காருங்கள்.

காப்பாற்றப்படுவதும் அப்படித்தான், முன்னாலேயே விதைத்திருக்க வேண்டும். உபதேசியார் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பார் என்று இரண்டாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொல்லுங்கள். ஏழாம் அத்தியாயத்தில் அந்தச் சத்தத்தை வைத்துச் சாமுவேல் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யட்டும். கடைசியில் ஒருநாள் ஆறு மணி தாண்டியும் மணி அடிக்கவில்லை. சாமுவேல் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இதைத் தேவ நடத்துதல் என்று வாசகரே சொல்லிக்கொள்வார். எழுத்தாளர் சொல்லத் தேவையில்லை.

ஜெபக் காட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரைப் பக்க ஜெபத்தை அப்படியே எழுதிவைப்பதும், பேச்சுக்கு நடுவே வசனத்தை அதிகாரம், எண்ணோடு ஒப்பிப்பதும் கதையை நிறுத்திவிடும். ஜெபிக்க முடியாத நேரம்தான் பெரும்பாலும் உயிருள்ள காட்சியாகிறது. உபதேசியார் மகளிடம், "எம்மா, ரெண்டு நாளா ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரமாட்டேங்கு. நீ பண்ணு, நான் ஆமென் மட்டும் சொல்லுதேன்" என்கிறார். இவ்வளவு போதும். அந்த மனுஷனின் நாற்பது வருஷ ஊழியம் முழுக்க இதில் இருக்கிறது.

ஊரைத் தெரியாமல் எழுதுவது

நம் ஊரை நாமே தப்பாக எழுதுகிறோம், இதை மன்னிக்க முடியவில்லை. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் ஐயருக்கு, அதாவது குருவானவருக்கு, குடும்பம் உண்டு. கத்தோலிக்கப் பங்குத்தந்தைக்குக் கிடையாது. ஒருவன் தன் குற்றத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவ அறிக்கையில், சொல்கிறான், அவர் வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்றால் அது கத்தோலிக்கர் வாழும் உவரியில் நடக்கும். அதையே ஒரு சி.எஸ்.ஐ. சேகரத்தில் நடப்பதாக எழுதினால் உள்ளூர் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை யாருடையது, சப்பரம் எங்கே வரும் என்பதெல்லாம் தெரிந்து எழுதுங்கள். கிறிஸ்தவர்கள் மட்டும்தான் இந்த வகை எழுதலாம் என்றும் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகிற குடும்பத்திலும், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிற கூட்டத்திலும் இதே கதைக்கு இடம் உண்டு. காட்டுக்குள் அத்தனை ஜனம், இரவு, ஆற்றங்கரை. சஸ்பென்சுக்கு இதைவிட என்ன வேண்டும்?

போலீஸ் விவகாரத்தில் சினிமாவை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இன்று நடக்கிற கதையில் கொலையை "302" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் தப்பு, இப்போது அது 103. மாநகரத்துக்குக் கமிஷனர், புறநகருக்கு எஸ்.பி. குற்றாலம் 2019இலிருந்து தென்காசி மாவட்டம், அங்கே விழுந்த பிணத்துக்கு நெல்லை எஸ்.பி. வரமாட்டார். எஸ்தர் கதையில்கூட எடுத்தவுடன் விலங்கு மாட்ட மாட்டார்கள். கூட்டுறவுச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணை நடக்கும், அப்புறம் வழக்கு வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அந்தத் தாமதம் கதைக்குத் தடையல்ல, அதுதான் கதைக்கு வரம். விசாரணை இழுக்கிற நாட்களில்தான் எஸ்தர் தினமும் அதே ஆபீசுக்கு, அதே ஆட்கள் நடுவே போய் உட்கார வேண்டியிருக்கும்.

பேச்சு வழக்கு வேண்டும் என்று எல்லாரையும் வரிக்கு வரி "ஏலே" போட வைப்பதும் தவறுதான். மூத்தவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கடைக்காரர் அண்ணாச்சி, அண்ணன் மனைவி மைனி, பாட்டி ஆச்சி. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே உறவும் மரியாதையும் பகையும் தெரிந்துவிடும். கதை சொல்கிற பகுதியை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சில் மட்டும் ஊர் மணக்க விடுங்கள். பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி அடைமழையில் பனையேறிப் பதநீர் இறக்குவதாக ஒரு கைப்பிரதியில் படித்தேன்.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமானது. நெல்லைச் சீமையில் ஒரு காதல் கதை எழுதிவிட்டு, சாதி என்ற ஒன்றே இல்லாததுபோல் முந்நூறு பக்கம் கடந்துபோவது. இங்கே காதலிக்கிறவர்களுக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் கூலிப்படையிடமிருந்தோ கடத்தல்காரனிடமிருந்தோ வருவதில்லை, சொந்த வீட்டிலிருந்து வருகிறது. சபைகளும் இதற்கு விலக்கல்ல, கல்யாணப் பேச்சு வரும்போது எது முதலில் விசாரிக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு நாவலும் இதைப் பற்றியே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் விசுவாசத்தைப் பற்றி எழுதுகிறவர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டால், மற்ற இடங்களில் அவர் சொல்வதை நான் எப்படி நம்புவேன்? அதேபோல வில்லனை வேறு மதத்துக்காரனாக ஆக்குவதும், கல்யாணத்துக்காகக் கதாநாயகனை மதம் மாறவைத்து அதையே சுபமுடிவு என்று காட்டுவதும் வேண்டாம். எஸ்தர் கதையில் மோசடி செய்தவர் சபைக் கமிட்டியில் முன்வரிசையில் உட்காருகிறவராக இருக்கட்டும். கதையும் பலப்படும், விசுவாசமும் பலப்படும்.

இந்த வகை நாவலில் காதல் கட்டுப்பாடாகத்தான் இருக்கும், படுக்கையறைக் காட்சி கிடையாது. அதனால் காதலே சப்பென்று இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. மதியம் சாப்பிடாமல் கணக்கு பார்த்துக்கொண்டிருப்பவன் மேஜையில் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போகிற பெண்ணை எழுதத் தெரிந்தால் போதும்.

அச்சுக்குப் போகும்போது

எழுதி முடித்த கையோடு சொந்தக்காரர்களுக்கும் சபை ஐயருக்கும் மட்டும் கொடுத்துக் கருத்து கேட்காதீர்கள். அவர்கள் உங்கள்மேல் உள்ள பிரியத்தில் நன்றாக இருக்கிறது என்பார்கள். உங்கள் விசுவாசத்தில் இல்லாத ஒருவரிடமும், மர்மக் கதைகளை விடாமல் படிக்கிற ஒருவரிடமும் கொடுங்கள். குற்றவாளி யார் என்று எந்தப் பக்கத்தில் தெரிந்தது, எந்த இடத்தில் பக்கங்களைத் தள்ளினீர்கள் என்ற இரண்டு கேள்வி போதும்.

எங்கே அனுப்புகிறோம் என்று பார்க்காமல் அனுப்புவது அடுத்த தவறு. அமெரிக்க வரிசைகளுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நான் மேலே சொன்ன வரிசை கேட்பது சுமார் 55,000 சொற்கள், அதில் காதலும் ஆபத்தும் முதல் அத்தியாயத்திலிருந்தே வேண்டும். தமிழில் கிறிஸ்தவ வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் பிரசங்கமும் தியானமும் வேத விளக்கமும் போடுகிறவர்கள், நாவலை அனுப்பினால் திரும்பி வரலாம். குடும்ப நாவலும் மர்ம நாவலும் போடுகிற பொதுப் பதிப்பகங்களை முதலில் பாருங்கள். புத்தகத் திருவிழா வரும்போது வாங்க மட்டும் போகாமல், எந்த ஸ்டாலில் உங்கள் வகைப் புத்தகம் இருக்கிறது, எத்தனை பக்கம், யார் வாங்குகிறார்கள் என்று நின்று பாருங்கள். கைப்பிரதியை யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததைத் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினிகளில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

பாட்டு வரிகளை அத்தியாயத் தலைப்பாகப் போடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் 1864இல் காலமானவர், அவர் கீர்த்தனையை யாரும் எடுத்தாளலாம். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை உண்டு என்பதால் இப்போதைய நற்செய்திப் பாடல்களுக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும்.

பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்பவர்களிடம் நிதானம் தேவை. சொந்தச் செலவில் போடுவது தப்பில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனியாகக் காசு கேட்டார்கள் என்று ஒரு டீச்சர் என்னிடம் வந்தார். இந்தியாவில் அது இலவசம், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது, நாமே விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை, வேண்டுமென்றால் கட்டணம் 500 ரூபாய். அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணை கிடைக்கும் என்று நம்பி ஆயிரம் பிரதி அடித்து, அதைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

இணையத்தில் போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். பிரதிலிபி போன்ற தளங்களில் வாசகர்கள் உடனே கிடைப்பார்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் கருத்து வரும், தொடர் எழுதப் பழக நல்ல இடம். ஆனால் முழு நாவலையும் இலவசமாகப் போட்டுவிட்டு அதையே பதிப்பகத்துக்குக் கொடுத்தால் பலர் தயங்குவார்கள். அமேசானின் கிண்டிலில் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபி போன்ற தளத்திலும்கூட. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். முதல் புத்தகம் வருகிற சந்தோஷத்தில் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எத்தனை வருஷத்துக்கு உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லையென்றால் அது ஐந்து வருஷம். எந்த இடத்துக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும். "எல்லா உரிமைகளும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் அந்த ஐந்து வருஷப் பாதுகாப்பு போய்விடும். அந்த வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள். அச்சு, மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைக்கதை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். காதலும் மர்மமும் கலந்த கதையைத்தான் ஒலிப்புத்தகத்துக்கும் வெப் சீரிசுக்கும் முதலில் கேட்டு வருவார்கள்.