பொலிஸ் மறித்தால்: சின்னப் பழுதுக்குத் துண்டு வாங்காமலும், வாங்கினால் அலையாமலும் இருக்க

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் பக்கம் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். பொலிஸ் எழுதிக் கொடுத்த தண்டத் துண்டோடு யாராவது அடிக்கடி வந்து நிற்பார். பிரேக் லைட் எரியவில்லை, கண்ணாடி இல்லை, சிக்னல் வேலை செய்யவில்லை, பெரும்பாலும் இவ்வளவுதான் காரணம். பல்பை மாற்ற எனக்குச் சில நிமிடம் போதும். வந்தவர் இழந்ததோ அதைவிடப் பெரிது: தண்டக் காசு, அரை நாள் சம்பளம், சந்தியில் நாலு பேர் பார்க்க நின்ற சங்கடம். இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பிடிபடுகிற பழுதுகள்

முதலிடம் பிரேக் லைட்டுக்குத்தான். ஓடுகிறவருக்குத் தன் பின்பக்கம் தெரியாது, பின்னால் வருகிறவருக்கும் பொலிசுக்கும்தான் தெரியும். பின் லைட் பல்புக்குள் இரண்டு இழை இருக்கிறது. ஒன்று எப்போதும் எரிகிற 5 வாற், மற்றது பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிகிற 21 வாற். பிரேக் இழை அறுந்தாலும் மற்றது எரிந்துகொண்டே இருக்கும். "பின் லைட் எரியுதே அண்ணை, அப்ப ஏன் மறிச்சவை?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் கழற்றிக் காட்டுவேன்.

பல்பு நல்லதாக இருந்தும் எரியாவிட்டால் சுவிச்சைப் பாருங்கள். முன் பிரேக் கைபிடியில் ஒரு சுவிச், கால் பிரேக்கில் ஒரு சுவிச், ஆக இரண்டு. கால் பிரேக் சுவிச்சை இழுக்கிற சின்ன ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளரும், சில வேளை கழன்றும் விழும். பிரேக்கைச் சரிசெய்யும்போது சுவிச்சையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் மிதி பாதி இறங்கிய பிறகுதான் லைட் எரியும். ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில் இருப்பதால் இரண்டு கைபிடியையும் தனித்தனியாக அழுத்திப் பார்க்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு வண்டியின் பின்பக்கத்தை ஒரு வெள்ளைச் சுவருக்கு நேரே நிறுத்தி, முதலில் கை பிரேக், பிறகு கால் பிரேக் என்று பிடித்துப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடினால் சரி.

நம்முடைய இடத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. வலிகாமம் பக்கம் தோட்டத்துக்குப் போய் வருகிற வண்டிகளில் செம்மண் அப்பி, லைட் கண்ணாடியும் இலக்கத் தகடும் ஒரே நிறமாகிவிடும். இலக்கம் வாசிக்க முடியாவிட்டால் அதுவே ஒரு குற்றம். ஒரு ஈரத்துணி போதும், ஆனால் யாரும் செய்வதில்லை. வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் உப்புக் காற்று. அங்கே பல்பு மாட்டுகிற கூட்டுக்குள் பச்சை பிடித்து மின்சாரம் ஓடாது. புதுப் பல்பு வாங்குவதற்கு முதல் அந்த இடத்தை எமரித் தாளால் தேய்த்துப் பாருங்கள். மாரி தொடங்கினால் ஹோர்ன், சுவிச் எல்லாம் தண்ணீர் குடிக்கும். ஐப்பசிக்கு முதலே ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

சிக்னல் வழக்கத்தை விட வேகமாகத் துடித்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் துடிக்காமல் அப்படியே நின்றால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கலாம். அடுத்தது கண்ணாடி. வண்டி வாங்கிய கிழமையே பெடியங்கள் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள், வடிவாக இல்லையாம். கண்ணாடி இல்லாமல் காங்கேசன்துறை வீதியில் வலப்பக்கம் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்று என் கராஜுக்கு வந்து சேர்கிற நசுங்கின வண்டிகளைப் பார்த்தால் தெரியும். கழற்றித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் கழற்றிக் கொடுப்பதில்லை.

சத்தம் கூட்டின சைலென்சர், கண்ணைக் குத்துகிற வெள்ளை லைட், மின்னி மின்னி எரிகிற நிற லைட்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு சேர்த்து நாடு முழுக்கப் பொலிஸார் இவற்றைக் கழற்ற வைத்தார்கள். ஓட்டோ, பஸ் வைத்திருப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓட்டோவைப் பிள்ளை போலச் சோடித்து வைத்திருக்கிறவர்களின் மனவருத்தம் எனக்கு விளங்கும். ஆனால் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கிற லைட்டுக்கு மட்டும் நான் பரிந்து பேச மாட்டேன். அந்தக் கூச்சத்தில், நாவற்குழிப் பக்கம் இரவில் மாடு குறுக்கே வந்தால் யாருக்கும் தெரியாது.

சைக்கிள்காரருக்கும் ஒரு வார்த்தை. இரவில் லைட் இல்லாமல் ஓடினால் உங்களையும் மறிக்கலாம். டைனமோ இல்லாவிட்டால் பின்னால் ஒரு சிவப்பு மின்கல லைட்டாவது கட்டுங்கள்.

பத்திரங்கள்

லைசென்ஸ், வாகன வருமான உத்தரவுப் பத்திரம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகிய நான்கையும் வண்டியோடு வைத்திருங்கள். லைசென்ஸ் தவிர மற்றவற்றை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இருக்கைக்குக் கீழே வைக்கலாம். மழைத் தண்ணீர் போகாத இடமாகப் பார்த்து வையுங்கள். எழுத்து அழிந்த பத்திரத்தைக் காட்டி விளக்கம் சொல்வது லேசில்லை. எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் பத்திரத்துக்குப் பதிலாகாது, ஆனால் முடிவுத் திகதியைப் பார்க்க உதவும்.

பத்திரம் வீட்டில் இருக்கிறது என்பதும் பத்திரமே இல்லை என்பதும் வேறு வேறு. 2018 யூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த தண்டப் பட்டியலில் லைசென்ஸைக் கொண்டுவராததற்கு 1,000 ரூபாய், தலைக்கவசம் இல்லாததற்கும் 1,000 ரூபாய், புகைச் சான்றிதழைக் கொண்டுவராததற்கு 500 ரூபாய். லைசென்ஸே எடுக்காமல் ஓடுவதும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுவதும் தபாற்கந்தோரில் கட்டி முடிக்கிற குற்றங்கள் அல்ல. அவை நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே தண்டம் 25,000 ரூபாயில்தான் தொடங்கும். கையில் காசு இறுக்கமான மாதத்தில் எதைத் தள்ளிப்போட்டாலும் இன்சூரன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் என்றாலும் சரி, அது ஒரு நாளும் அறுந்து போகக்கூடாது.

கை காட்டினால்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குச் சீருடைக்காரர் கை காட்டியதும் நெஞ்சு அடிக்கும். சோதனைச் சாவடிகளுக்குள்ளேயே வாழ்ந்த சனம் நாங்கள். அந்தப் பயத்தை யாரும் குறைவாகப் பேசக்கூடாது. 2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில், இரவில் மோட்டார் சைக்கிளில் போன யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள், பிறகு பொலிஸார் ஐந்து பேர் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு எந்த நியாயமும் கிடையாது. அதை மனதில் வைத்துத்தான் கராஜுக்கு வருகிற ஒவ்வொரு பெடியனிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: பல்பு எரியவில்லை, லைசென்ஸ் வீட்டில் கிடக்கிறது என்பதற்காக வண்டியை முறுக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடாதே. பயந்து ஓடுகிறவன் முன்னால் வருகிற வாகனத்தைப் பார்க்க மாட்டான். ஆயிரம் ரூபாயோடு முடிகிற விஷயத்துக்கு உயிரைக் கொண்டுபோய் வைக்காதே.

இடப்பக்கச் சிக்னலைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். இரவு என்றால் வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டுங்கள். "வணக்கம் சேர்" என்று சொல்வதில் குறைந்து போக எதுவுமில்லை. பத்திரங்களைக் கேட்டால் உறையிலிருந்து எடுத்துக் கொடுங்கள், பேர்ஸை முழுசாக நீட்டாதீர்கள். உள்ளே காசு தெரிகிற பேர்ஸை நீட்டினால் நீங்கள் நினைக்காத அர்த்தம் எடுக்கப்படலாம்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "என்ன பிழை, சேர்?" பதிலை முழுதாகக் கேளுங்கள். லைட் பழுது என்றால் இறங்கிப் போய் நீங்களும் பாருங்கள். சில வேளை கூடு ஆடியிருக்கும், தட்டினால் எரியும். எரிந்தால் காட்டுங்கள், கண்டித்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்த இடத்திலேயே மாற்றக்கூடிய பல்பு என்றால் மாற்றிக் காட்டலாமா என்று கேளுங்கள். இதற்காகவே நான் பல்பு மாற்ற வருகிறவர்களிடம் ஒன்றை மேலதிகமாக வாங்கிப் பஞ்சில் சுற்றி வைக்கச் சொல்வேன். விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் பழுதைத் திருத்த நிற்கிறவரோடு பேசுவது எவருக்கும் சுலபம்.

"மற்றவனை ஏன் மறிக்கவில்லை" என்ற வாதத்தை விடுங்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் வீதியோரத்தில் அதற்கு விடை கிடைக்காது, துண்டில் இன்னொரு குற்றம் சேரத்தான் வழி.

காசு கேட்டாலோ, கேட்பது போலக் கதை இழுபட்டாலோ, ஒரே வசனம்: "துண்டு எழுதுங்கோ சேர், நான் கட்டுறன்." குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். நீங்களாக நோட்டை மடித்து நீட்டுவதும் குற்றம், இலஞ்சம் வாங்குபவரைப் போலவே கொடுப்பவரையும் சட்டம் பிடிக்கும். கேட்டவர் மீது முறையிட வேண்டுமானால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954, பொலிஸ் ஆணைக்குழுவின் 1960 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. இடம், நேரம், சீருடையில் உள்ள இலக்கம் மூன்றையும் மனதில் வைத்து, வந்ததும் எழுதிவிடுங்கள்.

துண்டு கையில் வந்த பிறகு

லைசென்ஸை அவர் வைத்துக்கொண்டு துண்டைத் தருவார். அந்தத் துண்டுதான் 14 நாட்களுக்கு உங்கள் தற்காலிக லைசென்ஸ். அங்கேயே நின்று வாசியுங்கள்: வாகன இலக்கம், உங்கள் பெயர், குற்றம், தொகை, எந்தப் பொலிஸ் நிலையம், என்ன திகதி. கையெழுத்து சிங்களத்தில் இருந்தால் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி. அதனால் அது சலுகை கேட்பதாகாது. வாக்குமூலம் என்று ஏதாவது எழுதி ஒப்பம் கேட்டால், விளங்காத மொழியில் உள்ளதற்கு ஒப்பமிடாதீர்கள்.

14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டைக் குறித்த பொலிஸ் நிலையத்தில் கொடுத்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தொகை இரண்டு மடங்கு. 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். பலர் சம்பள நாள் வரட்டும் என்று துண்டைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையோடு தோய்த்தும் விடுகிறார்கள். அன்றைக்கே படம் எடுத்து, மறுநாள் காலையிலேயே கட்டிவிடுங்கள். பற்றுச்சீட்டையும் கொடுப்பதற்கு முதல் படம் எடுங்கள்.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. வாழைக்குலையும் வெங்காயமும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போகிற எங்கள் லொறிக்காரர்கள் வேறு மாவட்டத்தில் மறிபட்டால், லைசென்ஸ் அங்கேயே தங்கிவிடும். ஆயிரம் ரூபாய்த் தண்டத்துக்கு, அதை எடுத்து வர ஒரு நாளும் பஸ் காசும் தனியாகப் போகும். கூலிக்கு ஓடுகிறவருக்கு இது தண்டத்தை விடப் பெரிய தண்டனை. 2025இல் அரசாங்கக் கட்டணங்களை இணையத்தில் கட்டுகிற 'கவ்பே' மூலம் போனிலேயே கட்டி, லைசென்ஸை அந்த இடத்திலேயே திரும்பப் பெறுகிற வழியைத் தொடங்கினார்கள். மறித்தவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். அந்த வசதி அங்கே இல்லையென்றால் பக்கத்திலுள்ள தபாற்கந்தோர் எங்கே என்று கேட்டு, திரும்பி வருகிற பயணத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் பிறகு அலைச்சல்தான்.

பிழை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் இருக்கின்றன. துண்டில் எழுதிய திகதியில் போய் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். லைட் எரிகிறதைத் திகதியோடு அன்றைக்கே படம் எடுத்திருந்தால் நல்லது. ஒரு நாள் வேலை போகும், சட்டத்தரணி வைத்தால் காசும் போகும், எல்லாருக்கும் அது முடியாது. முடிந்தவர்கள் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் அட்டை உங்களுடையதுதானா என்று அங்கேயே பாருங்கள். தண்டம் கட்டியதால் பழுது தீராது. அதே பல்புக்கு அடுத்த நாள் வேறு சந்தியில் இன்னொரு துண்டு எழுதலாம். கட்டிய கையோடு கராஜுக்கும் போய்விடுங்கள்.