வாட்ஸ்அப் செய்தியைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொடுப்பது எப்படி?

கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வராமல் கடைசியில் வழக்குப் போட வேண்டியதாகிவிட்டது. பத்திரம், நோட்டு எதுவும் எழுதி வாங்கவில்லை. "அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் மட்டும்தான் கையில் இருந்தன. ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன், அவர் புரட்டிப் பார்த்துவிட்டு "சான்றிதழ் எங்கே?" என்றார்.

விஷயம் இதுதான். போனில் இருப்பது மூலம், பிரிண்ட்டும் பென்டிரைவும் நகல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி நகலோடு, அது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்லும் ஒரு சான்றிதழும் சேர்ந்து வர வேண்டும் (பழைய சாட்சியச் சட்டத்தில் இதுவே 65பி). போனையே தாக்கல் செய்து, சொந்தக்காரர் கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் வேண்டாம் என்று பழைய சட்டத்தின் கீழ் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வழக்கு முடியும்வரை போன் இல்லாமல் யார் இருப்பது?

முதல் வேலை, மறையும் செய்திகள் வசதி ஆன் ஆகியிருந்தால் உடனே அணைப்பது. அப்புறம் அந்த உரையாடலின் மெனுவில் எக்ஸ்போர்ட் சாட், அதாவது உரையாடலை ஒரு ஃபைலாக வெளியே எடுப்பது. குரல் பதிவோ படமோ முக்கியமென்றால் மீடியாவோடு எடுங்கள். ரொம்ப நீளமான உரையாடலில் பழைய செய்திகள் விடுபடும், அதனால் ஃபைலின் முதல் தேதியைப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் சேமித்து வைத்த பெயர்தான் அதில் வரும், நம்பர் வராது. என் ஃபைல் முழுக்க "மச்சான் புதுசு" என்றே இருந்தது! அந்தப் பெயருக்குரிய நம்பர் தெரியும் பக்கத்தையும் தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து சான்றிதழில் எழுத வேண்டிய ஹேஷ், நான் வழுக்கி விழுந்த இடம். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண், ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். நான் ஹேஷ் எடுத்த பிறகு ஃபைலைத் திறந்து, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நடுவில் இருந்த வெற்று வரிகளை அழித்துச் சேமித்துத் தொலைத்தேன். வக்கீல் ஆபீஸில் மறுபடி போட்டுப் பார்த்தால் வேறு எண். நல்லவேளை, தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே தெரிந்தது. போனிலிருந்து புதிதாக எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஃபைலின் பெயரை மாற்றினால் பாதகமில்லை, உள்ளே கைவைக்கத்தான் கூடாது.

சான்றிதழ் படிவத்தில் எஸ்ஹெச்ஏ1, எஸ்ஹெச்ஏ256, எம்டி5 என்று ஹேஷ் போடும் முறைகள் மூன்றும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எஸ்ஹெச்ஏ256 எடுங்கள், எம்டி5 இந்தக் காலத்துக்கு ஆகாது. இணையத்தில் ஃபைலை ஏற்றி ஹேஷ் தரும் தளங்கள் எனக்குப் பிடிக்காது, வழக்கு சமாச்சாரத்தை எதற்கு ஊராரிடம் கொடுக்க வேண்டும்? கம்ப்யூட்டரில் போட இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஜிப் என்ற மென்பொருள் போதும்: ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ256ஐத் தேர்ந்தெடுத்தால் 64 எழுத்து வரும், அதன் அறிக்கையைச் சான்றிதழோடு இணைக்க வேண்டும்.

சான்றிதழில் பகுதி ஏ உங்களுடையது: போனின் மாடல், நிறம், சீரியல் எண், ஐஎம்இஐ என்னும் போனின் அடையாள எண் (*#06# அடித்தால் வரும்). பகுதி பி நிபுணர் கையெழுத்திட வேண்டியது, யாரிடம் வாங்குவது என்று உங்கள் வக்கீலிடமே கேளுங்கள்.

பின்சேர்க்கை: சான்றிதழ் கொடுத்தாச்சே, போனை மாற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பழையதை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். எதிர்த்தரப்பு "இது ஜோடித்தது" என்று கிளப்பினால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும். என்னுடையது ஸ்கிரீன் உடைந்து பீரோவில் கிடக்கிறது, மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுகிறேன்.