ஓடுகிற வண்டிக்குள் நித்திரை வருமோ? ட்ரக் ஓடப் புதிதாக வருபவர்களுக்கு

போன கிழமை தங்கச்சியின் மகன் ஏ-ஸெட் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "மாமா, ஒரு கொம்பனி என்னை டீமாகக் கலிபோர்னியா ஓடச் சொல்லுது. போகட்டே?" என்று கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ஓடுற வண்டிக்குள்ள உனக்கு நித்திரை வருமோ?" அவனுக்கு அது விளங்கவில்லை. டீம் என்றால் ஒரே ட்ரக்கை இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓடுவது, ஒருவர் ஓட மற்றவர் பின்னால் படுப்பார். அவனுக்கும் அவனைப் போலப் புதிதாக வருபவர்களுக்குமாக எழுதுகிறேன்.

முதலில் லைசன்ஸ். கனடாவில், ஒன்ராறியோவில் பாரமான ட்ரெயிலர் இழுக்க ஏ வகுப்பு வேண்டும், எயர் பிரேக்குக்கு ஸெட் வேண்டும். 18 வயது, முழு ஜீ லைசன்ஸ் (கார் ஓடுகிற லைசன்ஸ்), மருத்துவ அறிக்கை, கண் பரிசோதனை, எழுத்துச் சோதனை எல்லாம் முடிய வேண்டும். அதோடு, 2017 ஜூலை 1 முதல் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி இல்லாமல் ரோட் டெஸ்ட்டுக்குப் போக முடியாது. அமெரிக்காவுக்குள் லோட் கொண்டுபோக வயது 21 ஆக வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் கட்டணத்தைக் கேட்கிற அதே மூச்சில், ஒரு வண்டியில் எத்தனை மாணவர்கள் ஏறுவார்கள் என்றும் கேளுங்கள். நான் படித்த இடத்தில் நாலு பேர் மாறி மாறி ஓடினோம். ரிவர்ஸ் பழகியது அங்கே இல்லை, வேலைக்குப் போன பிறகு இரவில் வெறும் யார்டில்தான்.

முதல் கொம்பனியிடம் இரண்டு விஷயம் கேட்டால் போதும். அனுபவமுள்ள ஒருவரோடு எத்தனை கிழமை அனுப்புவீர்கள்? சம்பளம் டீ-4 இல், அதாவது வேலையாளுக்குத் தருகிற வருமான வரிப் படிவத்தில், வருமா? "உன் பெயரில் ஒரு கொம்பனி பதி, காசை அதுக்குப் போடுறம்" என்று ஒரு புது டிரைவரிடம் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். வேலை செய்பவருக்குச் சட்டம் தருகிற பாதுகாப்பு அதோடு கைவிட்டுப் போகலாம்.

இனி, தனியாகவா டீமாகவா என்ற கதை. அமெரிக்க விதிப்படி 10 மணித்தியாலம் ஓய்வெடுத்தால் 11 மணித்தியாலம் ஓடலாம், அதுவும் வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள். ரொறன்ரோவிலிருந்து லொஸ் ஏஞ்சலஸ் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். தனி ஆள் ஐந்தாம் நாள்தான் போய்ச் சேருவார். டீமில் ஒருவர் படுக்க மற்றவர் ஓடுவார், டீசலுக்கும் குளிப்புக்கும் மட்டும்தான் வண்டி நிற்கும். மூன்றாம் நாள் லோட் இறங்கிவிடும். அவசர லோட்டெல்லாம் டீமுக்குப் போவது அதனால்தான்.

மைல் கணக்கைக் கேட்டு மயங்க வேண்டாம். கிழமைக்கு வண்டி 5,000 மைல் ஓடினால் உங்கள் பங்கு 2,500. சொல்கிற மைல் காசு வண்டிக்கா ஆளுக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லையிலும் இறக்குமிடத்திலும் காத்திருக்கும் நேரத்துக்கு என்ன தருவார்கள் என்பதையும்தான்.

நான் முதலில் டீமாகத்தான் போனேன். இரண்டு பேருமே புதியவர்கள், அதுதான் பிழை. ஒரு ஜனவரி, திரும்பி வரும் வழியில் வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலை. இரவு பார்ட்னர் ஓடுகிறார், நான் பின்னால் படுத்திருக்கிறேன். படுத்திருப்பவருக்கு றோட்டுத் தெரியாது. பிரேக் பிடிக்கிற சத்தமும், றோட்டோரக் கோட்டில் சில்லு ஏறி உறுமுகிற சத்தமும்தான் கேட்கும். காற்றில் ட்ரெயிலர் ஆடிய ஒவ்வொரு முறையும் எழும்பி உட்கார்ந்தேன். விடிய நெப்ராஸ்காவில் ஸ்டியரிங்கை எடுக்கும்போது, மணித்தியாலத்தைப் பதிகிற ஈ.எல்.டி. பெட்டி எனக்கு ஓட 11 மணித்தியாலம் முழுதாக இருப்பதாகக் காட்டியது. அதன் கணக்கில் நான் ஓய்வெடுத்தவன். உண்மையில் இரண்டு மணித்தியாலம்கூடக் கண் மூடவில்லை. பார்ட்னரிடம் சொல்லி ட்ரக் ஸ்டொப்பில் நிறுத்தினேன், இருவரும் படுத்தோம். லோட் பிந்தியது, ஏச்சு விழுந்தது. களைப்பில் ஓடக்கூடாது, ஓடச் சொல்லவும் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

பிறகு ஒரு வருடம் தனியாக ஓடினேன். மொன்றியல், ஒஹையோ, பென்சில்வேனியா. ட்ரக் பழகியது அந்த வருடத்தில்தான். இறக்குமிடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது இறங்கிப் பார்ப்பது, பாரத்தைத் தராசில் போட்டு அச்சுகளுக்குச் சமன் செய்வது, பனியில் எப்போது ஒதுங்குவது, எல்லாம் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது. தனியாக ஓடினால் பார்க்கிங்தான் பெரிய பாடு. பின்னேரம் ஆகிவிட்டால் ட்ரக் ஸ்டொப் எல்லாம் நிரம்பிவிடும். அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கி, மூன்று மணிக்குள் ஒரு இடம் பிடித்துவிடுவேன். தனிமை கடினம்தான். ஆனால் வண்டி அசையாமல் நிற்க, நிம்மதியாகப் படுப்பேன்.

மறுபடி டீமுக்குப் போனபோது ஆளைப் பார்த்துப் போனேன். என்னைவிட மூத்தவர். முன் சீட்டில் அரை நாள் இருந்து அவர் பிரேக் பிடிப்பதைக் கவனித்தேன். முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, கோப்பைத் தேநீர் தளும்பாத மாதிரி நிறுத்துவார். அவரோடு இரண்டு வருடம் ஓடினேன், நித்திரையும் வந்தது. புகைப்பாரா, இரவு யார் ஓடுவது, ஹீட்டர் எவ்வளவு, ஃபோனில் உரக்கக் கதைப்பாரா என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஐந்து நாள் இருந்தால் சின்னதாக இராது. புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். கணவன் மனைவியாக ஓடுபவர்களும் இதைக் கதைக்கத்தான் வேண்டும்.

தங்கச்சி மகனுக்குச் சொன்னது: ஒரு வருடம் தனியாக, கிட்டத் தூரம் ஓடு. அதற்கு முன் டீமாகத்தான் போக வேண்டுமென்றால் பழைய டிரைவர் ஒருவரோடு போ, உன்னைப் போலப் புதியவரோடு வேண்டாம். வண்டி ஓடும்போது படுக்கையின் பாதுகாப்பு வலையைக் கொளுவாமல் படுக்காதே. முதல் ட்ரிப்பில் ஒவ்வொரு நாளும் உண்மையில் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டாய் என்று ஒரு கொப்பியில் எழுது. அது ஐந்தைத் தாண்டவில்லையென்றால், அடுத்த லோட் எடுக்குமுன் கொப்பியோடு போய், கொம்பனியில் லோட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்பாட்சரிடம் கதை.